மூன்றாவது முடிச்சுக்கு ஒப்புதல் வரவில்லை

நிறைமதி வீட்டில் எல்லாமே சாஃப்ட்வேர்காரர்களின் ஸ்பிரின்ட் கணக்குதான்: கொஞ்சம் செய், கருத்துக் கேள், மேலே போ. இளம்பரிதி வீட்டிலோ ஐந்து பெரியப்பாக்கள் அடங்கிய கமிட்டி கையெழுத்துப் போடாமல் காபிகூடக் கொதிக்காது. அதனால் கல்யாணத்துக்கு ஒரு சமரசம் செய்துகொண்டார்கள்: தாலியின் ஒவ்வொரு முடிச்சுக்கும் தனித்தனியாக ஒப்புதல், ஐவரில் மூவர் கையெழுத்துப் போட்டால் போதும்.

முதல் முடிச்சை இளம்பரிதி போட்டான். மண்டபத்தின் மின்திரையில் ஒப்புதல் வந்தது. இரண்டாவதை அவன் அக்கா வெண்ணிலா போட்டாள். அதற்கும் வந்தது. மூன்றாவதற்கு இருவர் சரி என்றார்கள், இருவர் வேண்டாம் என்றார்கள்; செவ்வாய்க் கிரகத்தில் வேலை பார்க்கும் பெரியப்பாவின் கையெழுத்து மட்டும் பாக்கி. முகூர்த்தமோ முடியப்போகிறது.

"அண்ணி, சும்மா போட்டுடுங்க," என்றாள் நிறைமதி வெண்ணிலாவிடம்.

"ஐயோ, நான் மாட்டேம்மா. பெரியப்பா ஜென்மத்துக்கும் என்கூடப் பேச மாட்டாரு."

நாதஸ்வரக்காரர் வாசிப்பை நிறுத்தினார். "தம்பி, எவ்ளோ நேரம்தான் கெட்டிமேளம்? கன்னம் கழண்டுடும் போலிருக்கு!"

"நிறை, பேசாம தை மாசம் வச்சுக்கலாமா?" என்றான் இளம்பரிதி.

அவள் அவனை முறைத்தாள். கைகளைக் கழுத்துக்குப் பின்னால் கொண்டுபோய், மூன்றாவது முடிச்சைத் தானே போட்டுக்கொண்டாள்.

மண்டபத்தின் மின்திரை சிவப்பானது. 'ஒப்புதல் இல்லாத மாற்றம். முடிச்சை அவிழ்க்கக் கமிட்டி உறுப்பினர் ஐவரும் ஒருமனதாகச் சம்மதிக்க வேண்டும்.'

"அடிப்பாவி, இப்ப என்ன பண்றது?" என்று பதறினான் இளம்பரிதி.

"உங்க பெரியப்பாங்க அஞ்சு பேரும் என்னைக்காவது, எதுக்காவது ஒத்துப்போயிருக்காங்களா?"

இளம்பரிதி யோசித்துப் பார்த்தான். "இல்ல."

"அப்புறம் என்ன? ஆயுசுக்கும் கவலையில்ல. எந்திரிங்க, பந்தி ஆரம்பிச்சிட்டாங்க."