‘மா’ எழுதிய அட்டை

நாளை தேர்வு. சேலத்திலிருந்து மாற்றலாகி வந்த கலைமகள் டீச்சர் பழைய கல்யாணப் பத்திரிகைகளை வெட்டிச் செய்த அட்டைகள் ஏழாம் வகுப்பின் தரையெல்லாம் கிடக்கின்றன. தரையின் இந்தப் பக்கம் தமிழ்ச் சொற்களும் அவற்றுக்கான படங்களும்; அந்தப் பக்கம் கணக்குப் பின்னங்கள். மின்விசிறிக் காற்றில் அட்டைகளின் ஓரம் துடிக்கிறது. ‘மா’ என்ற அட்டையை எடுத்த செம்மொழி, மாமரப் படத்தைத் தாண்டிப் போய், மூன்றில் ஒன்று என்ற பின்னத்தின் மேல் வைக்கிறாள். யாரும் சிரிக்கவில்லை. அதுதான் டீச்சருக்குப் புரியவில்லை. “அது தமிழ் அட்டைம்மா. கணக்குல ஏன் வைக்கிறே?” “எங்கப்பா நட்டிருக்கற மூணு மா வயல் சேந்தாதான் ஒரு ஏக்கர் டீச்சர். அப்ப ஒரு மா மூணுல ஒண்ணுதானே?” முப்பது தலைகளும் ஆமென்று ஆடுகின்றன. ஜன்னலுக்கு வெளியே நடவு வயலில் நிற்கும் தண்ணீரின் வெளிச்சம் வகுப்புக் கூரையில் நெளிகிறது. டீச்சர் விடைக்குறிப்பைப் பார்க்கிறார். மாமரம் என்றுதான் இருக்கிறது. “பரீட்சையில மாமரம்னு எழுதினாதான் மார்க்கு” என்று அட்டையை எடுத்து மரத்தின் மேல் வைக்கிறார். வைத்த விரலை எடுக்க மனம் வரவில்லை. செம்மொழி படத்தையும் வயலையும் மாறி மாறிப் பார்க்கிறாள். “அப்ப எங்கப்பா நட்டிருக்கறது மூணு மரமா, டீச்சர்?”