தண்ணீர் நின்ற இடம்

"பார்த்து வாங்க சார், தலை இடிக்கும்!"

அவள் சொல்லி முடிப்பதற்குள் வந்தவர் குனிந்து உள்ளே வந்துவிட்டார். வாசல் நிலைக்கு மட்டுமல்ல, அதற்கடுத்து இருட்டில் கண்ணுக்கே தெரியாத உத்தரத்துக்கும் சேர்த்துக் குனிந்து, அதைத் தாண்டிய பிறகுதான் நிமிர்ந்தார்.

"எப்படி சார் தெரிஞ்சுது? எங்க வீட்டுக்காரர் இன்னும் தினம் ஒரு தடவை இடிச்சுக்கறார்."

"வந்தவங்க மண்டையை எல்லாம் ருசி பார்த்த உத்தரம் தங்கச்சி இது" என்று சிரித்தவர், சுவரோரப் பெஞ்சில் உட்கார்ந்து, கால்களை நீட்டி முழங்காலைத் தேய்த்துவிட்டுக்கொண்டார். அவர் தோளில் காய்ந்த மண் ஒட்டியிருந்தது. கூரையிலிருந்து உதிர்ந்திருக்கும் என்று அவள் நினைத்துக்கொண்டாள்.

பழைய வீடுகளைப் பதிவு செய்கிற அலுவலகத்திலிருந்து ஆள் வரும் என்று தகவல் வந்தபோதே கணவன் கண்டிப்பாகச் சொல்லியிருந்தான்: "நான் இல்லாதப்போ எவனையும் உள்ளே விடாதே." கொட்டுகிற மழையில் நின்ற மனிதரைப் பார்த்ததும் மனசு கேட்கவில்லை. இப்போதுதான் உறைத்தது. கூப்பிடு தூரத்தில் வேறு வீடு கிடையாது. ரொட்டிக் கம்பெனி வேனை ஓட்டிக்கொண்டு அவன் எப்போது வருவானோ! எதற்கும் இருக்கட்டும் என்று கதவைச் சாத்தாமல் விட்டாள்.

"நீங்க அந்த ஆபீஸ்லேர்ந்துதானே வர்றீங்க?"

"வீட்டைப் பார்க்கத்தான் வந்தேன்."

"டேப்பு, நோட்டு எதையும் காணோமே?"

"இந்த வீட்டை அளக்க எனக்கு எதுக்கும்மா டேப்பு?"

அவள் பின்வாங்கினாள். அடுப்பருகே போய் நின்று, ஒரு விறகுக் கட்டையைக் காலால் பக்கத்தில் நகர்த்தி வைத்துக்கொண்டாள்.

வந்தவர் அண்ணாந்து கூரையைப் பார்த்தார். "அடியில கறுப்பா தெரியுதே, அதுதான் முதல்ல வேய்ஞ்ச புல்லு. புகைபோக்கி வைக்கறதுக்கு முந்தி பிடிச்ச கரி. பழசைப் பிரிக்கவே மாட்டாங்க. அதுக்கு மேல, அதுக்கு மேலன்னு வேய்ஞ்சுக்கிட்டே போவாங்க. கூரைக்குள்ள கூரை."

"ஓஹோ" என்றாள்.

"சுவரும் அப்படித்தான். மண்ணும் வைக்கோலும் மிதிச்சு, ஒரு வரிசை காய்ஞ்ச பிறகு அடுத்த வரிசை. கையை இப்படி விரிச்சா எவ்வளவோ அவ்வளவு கனம். உள்ளே கத்தினா வெளியே கேட்காது."

"தண்ணி குடிக்கிறீங்களா?" என்று எதையோ கேட்டு வைத்தாள்.

டம்ளரை வாங்கியவர் குடிக்கவில்லை. அப்படியே தரையில் சாய்த்தார்.

"ஐயோ, மண் தரை சார்!"

"பயப்படாதீங்க, பாருங்க."

தண்ணீர் கோடாக நீண்டு, எதிர்மூலையைப் பார்த்து ஓடியது.

"அந்தக் காலத்துல மாடு அந்தக் கோடியில, மனுஷங்க இந்தக் கோடியில. எல்லாம் வழிஞ்சு வெளியே போகட்டும்னு சரிவா அடிச்ச தரை. பாறை மாதிரி இறுகினது. கட்டின நாள்லேர்ந்து கடப்பாரை படாத தரை."

ஆனால் தண்ணீர் மூலைக்குப் போய்ச் சேரவில்லை. கட்டிலின் கால்மாட்டில் தயங்கி நின்றது. பிறகு மெல்ல உள்ளே இறங்கிவிட்டது.

"அது... எலி வளை சார். அடிக்கடி உள்வாங்கும். அவரே மண்ணு கொட்டி இடிச்சு விடுவார். என்னைக் கிட்டவே விடமாட்டார்."

"இந்த வீட்டை வித்தவரைப் பார்த்திருக்கீங்களா?"

"இல்ல. நான் கல்யாணமாகி வர்றதுக்கு முந்தியே நடந்தது. எங்க வீட்டுக்காரர் அவர்கிட்ட வாடகைக்கு இருந்தாராம். அவர் இவர் பேருக்கே எழுதிக் கொடுத்துட்டு, வெளிநாட்டுல அக்கா வீட்டோட போயிட்டாராம்."

"அவருக்கு அக்காவும் கிடையாது, தங்கச்சியும் கிடையாது."

சொல்லிவிட்டு எழுந்தார். அவள் விறகுக் கட்டையைக் கையில் எடுத்துக்கொண்டாள். "கிட்ட வராதீங்க! என் வீட்டுக்காரர் முரடு. உங்களை உண்டு இல்லைன்னு ஆக்கிடுவார்!"

"அது எனக்குத் தெரியும் தங்கச்சி."

அந்த நேரத்தில் வெளியே வேன் வந்து நிற்கும் சத்தம் கேட்டது. போன உயிர் திரும்பி வந்த மாதிரி இருந்தது அவளுக்கு. "அவர் வந்துட்டார்!" என்று கதவைப் பார்த்து ஓடினாள்.

வந்தவர் தடுக்கவில்லை. நிதானமாகக் கட்டிலின் கால்மாட்டுக்குப் போய், தண்ணீர் இறங்கிய இடத்தில் ஒருக்களித்துப் படுத்தார். முழங்கால்களை மடக்கி நெஞ்சோடு சேர்த்துக்கொண்டார். ஈரம் படர்ந்திருந்த இடத்துக்குள் கச்சிதமாக அடங்கினார்.

"ஆறடி நீளத்துக்குக் குழி வெட்டியிருக்கணும். அவசரத்துல நாலடியோட நிறுத்திட்டார் உங்க வீட்டுக்காரர்" என்றார். "அதான் இந்த முழங்கால் வலி."

குரல் கேட்டுத் திரும்பியவள் அவரைப் பார்த்துக் கண்ணிமைத்தாள். தரையில் ஈரம் மட்டும்தான் இருந்தது.

"யாரைடி உள்ளே விட்டே? கதவு ஏன் திறந்து கிடக்கு?" என்று மழையில் நெருங்கி வந்தது கணவனின் குரல்.

ஆபத்தென்றால் ஓடித் தப்புவதற்காகத் திறந்து வைத்திருந்த கதவை, அவள் இழுத்துச் சாத்தி உள்ளே தாழ்ப்பாள் போட்டாள்.