மயக்கம் தெளியும் அறை

அறுவைச் சிகிச்சை முடிந்து, மயக்கம் தெளியும் அறையில் அப்பா மல்லாந்து படுத்திருக்கிறார். மதிய வெயில் ஜன்னல் வழியே இறங்கி, அவர் விரலில் மாட்டிய கிளிப்பின் சிவப்பு ஒளியை மங்கலாக்குகிறது. தலையில் பச்சைத் தொப்பியும் கண்ணுக்குக் கீழே முகக்கவசமுமாகப் பக்கத்தில் நிற்கிறாள் மகள். வீட்டில் இருப்பதே இவர்கள் இரண்டு பேர்தான். நரம்பணுக்களுக்குள் இருக்கும் நுண்குழாய்களின் குவாண்டம் அதிர்விலிருந்துதான் ‘நான்’ என்ற உணர்வு பிறக்கிறது என்றொரு கோட்பாடு; அவளுடைய ஆராய்ச்சி அதில்தான். மயக்க மருந்து அந்த அதிர்வை அடக்கும், மருந்து விலகினால் அதிர்வு திரும்பும் என்று கருத்தரங்கில் தடுமாறாமல் சொல்லியிருக்கிறாள். திரும்பி வருவது அதே ஆள்தானா என்று அங்கே யாரும் கேட்கவில்லை.

“கூப்பிடும்மா,” என்கிறார் நர்ஸ்.

“அப்பா.”

“இப்படிக் கூப்பிட்டா பூனைகூடத் திரும்பிப் பாக்காது. சத்தமா!”

“அப்பா!” தன் குரல் அவளுக்கே கூச்சமாக இருக்கிறது. அவருடைய இமைகள் நடுங்கித் திறக்கின்றன. பார்வை விளக்கைத் தொட்டு, சொட்டும் பாட்டிலைத் தொட்டு, அவளுடைய முகக்கவசத்தில் வந்து நிற்கிறது. உலர்ந்த உதடுகள் பிரிகின்றன.

“நர்ஸம்மா, வெளியே எம்பொண்ணு தனியா உக்காந்திருப்பா. சட்டுனு பயந்துடுவா. நான் முழிச்சுட்டேன்னு கொஞ்சம் சொல்லிடுங்க.”

சொல்லி முடித்த நிம்மதியில் கண்ணை மூடிக்கொள்கிறார். சிரிக்கப்போன நர்ஸ், அவளைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொள்கிறார். அவள் கட்டில் கம்பியை இறுகப் பிடிக்கிறாள். முகக்கவசத்தின் மேல் விளிம்பு நனைகிறது.

“சொல்லிடறேங்க,” என்கிறாள்.