விருந்தாளித் தட்டு

போலந்தில் கிறிஸ்துமஸுக்கு முந்தைய மாலை. முதல் நட்சத்திரம் தெரிந்ததும் லெஷெக் குடும்பத்தார் சாப்பிட உட்கார்ந்தார்கள். அழைப்பு மணி அடித்தது. வாசலில் ஓர் இத்தாலியப் பெண், மிரெல்லா.

"மொழிப்பள்ளியில படிக்கிறேங்க. விடுதியை ராத்திரி வரைக்கும் பூட்டிட்டாங்க" என்றாள் போலிஷ் மொழியில்.

"உள்ள வாம்மா! திடீர்னு வர்ற விருந்தாளிக்குன்னு வருஷா வருஷம் ஒரு தட்டு வைக்கிறோம். இன்னைக்குத்தான் அதுக்கு ஆள் வந்திருக்கு" என்று சிரித்தார் லெஷெக். "ஹலினா, சூப் ஊத்து!"

அவர் மனைவி ஹலினா ஊற்றிய பீட்ரூட் சூப்பில் பாதி மேசைவிரிப்பில் சிந்தியது. அவள் அந்தப் பெண்ணின் முகத்தைப் பார்க்கவேயில்லை.

"பேச்சு நல்லா வருதே!" என்றார் லெஷெக்.

"ஆறு மாசமா நாள் முழுக்க போலிஷ்தான். வேற மொழியில கேட்டா டீச்சர் காது கேக்காத மாதிரி இருந்துடுவாங்க."

"இத்தாலியை விட்டுட்டு இந்தக் குளிர்ல வந்து படிக்கிற மொழியா இது? யாராவது பையனா?"

"பொண்ணைச் சாப்பிட விடுங்க" என்றாள் ஹலினா.

மிரெல்லா கிளம்பியபோது ஹலினா மட்டும் கூட வந்தாள். வெளியே வந்து கதவைச் சாத்தினாள்.

"உன்னைப் பெத்ததும் தத்துக் கொடுத்தாச்சு. இவருக்கு எதுவும் தெரியாது. இங்க வராதேன்னு தெளிவாத்தானே கடிதம் எழுதினேன்? புரியலையா?"

"புரிஞ்சுதும்மா. நீங்க போலிஷ்ல எழுதின முதல் கடிதத்தை வேற யார்கிட்டயும் கொடுத்துப் படிக்கச் சொல்ல மனசு வரலை. அதைப் படிக்கத்தான் இந்த மொழியையே கத்துக்கிட்டேன்."