சின்னவளின் தலைவலி

"டிவியை நிறுத்துங்க! சின்னவளுக்குத் தலைவலியாம்."

மாமியார் போட்ட அதட்டலில் வீடே அடங்கிப்போனது. ஜன்னல்களில் திரையை இழுத்து விட்டார்கள். மாமனார் ரிமோட்டைக்கூடச் சத்தம் வராமல் மேஜையில் வைத்தார்.

தையல் மெஷின் முன்னால் உட்கார்ந்திருந்த மூத்த மருமகளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அவளுக்கும் அப்போதுதான் இடது நெற்றிப்பொட்டில் அடிக்க ஆரம்பித்திருந்தது. ஊசியின் காது இரண்டாகத் தெரிந்தது. கண்ணோரத்தில் உடைந்த வளையல் துண்டு மாதிரி ஒரு வெளிச்சம் நெளிந்தது.

பதினோரு வருஷமாக இப்படித்தான். மாதத்துக்கு மூன்று தடவையாவது வந்துவிடும். வாந்தி எடுத்துவிட்டு வந்து நின்றாலும், "வேலைன்னா மட்டும் எங்கேருந்துதான் வருமோ இவளுக்கு" என்பாள் மாமியார். "ஒரு காபி குடி, சரியாப் போயிடும்" என்பான் கணவன். அந்தக் காபியையும் அவள்தான் போட வேண்டும்.

ஒருநாள் வலி தாங்காமல், விளக்கைப் போடாமல் குளியலறைக்குள் கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். வீட்டில் இருட்டான இடம் அது ஒன்றுதான். கால் மணி நேரத்தில் மாமியார் கதவைத் தட்டிவிட்டாள். "உள்ளேயே குடித்தனம் பண்ணப் போறியா?"

கண்ணாடிக் கடைக்காரர் பார்வையில் ஒரு குறையும் இல்லை என்று சொன்னதோடு, அது பொய்த் தலைவலி என்று வீட்டில் முடிவாகிவிட்டது.

சின்னவள் இந்த வீட்டுக்கு வந்து ஒன்றரை வருஷம். ஆஸ்பத்திரியில் நர்ஸ். அவள் சொன்னால் அது வியாதி.

"மைக்ரேனாம்" என்று மாமியார் பக்கத்து வீட்டுக்காரியிடம் ஏதோ பட்டம் வாங்கியதைப் போலச் சொல்வாள். "வெளிச்சம் ஆகாது, சத்தம் ஆகாது, தாளிக்கிற வாசனைகூட ஆகாது. பாவம் பொண்ணு."

இதையேதான் இவளும் பதினோரு வருஷமாகச் சொன்னாள். இங்கிலீஷ் பேர்தான் தெரியாமல் போயிற்று.

இதில் பெரிய எரிச்சல், இவளுக்கு வலிக்கிற அன்றைக்குப் பார்த்துத்தான் அவளுக்கும் வலிக்கும்.

"என் தலைவலியைக்கூட விட்டு வைக்க மாட்டாளா உங்க தம்பி பொண்டாட்டி?" என்று கணவனிடம் ஒருமுறை பொருமினாள்.

"அவளுக்கு வர்றதைப் பார்த்து உனக்கு வருது" என்றான் அவன்.

"அந்த மெஷினை முதல்ல நிறுத்து. சத்தம் அவ தலையில போய் இடிக்கும்." மாமியார் வந்து நின்றாள். "சமையலை நான் பார்த்துக்கறேன். நீ போய் அவ பக்கத்துல இரு. அக்கா மட்டும் வந்தாப் போதும்னு சொல்றா."

இதுவும் வழக்கம்தான். மூத்தவள் பல்லைக் கடித்துக்கொண்டு ஈரத்துணியோடு இருட்டறைக்குள் போனாள்.

"ரொம்ப வலிக்குதோ?" கேள்வியில் இருந்த குத்தல் அவள் காதிலேயே விழுந்தது.

"ஆமாக்கா. யாரும் பேசாம இருந்தாப் போதும். நீங்களும் அப்படியே சாஞ்சுக்கோங்க."

சாய்ந்தவள் கண்ணயர்ந்துவிட்டாள். இரண்டு மணி நேரம் கழித்து எழுந்தபோது வலி பாதிக்குமேல் வடிந்திருந்தது. வயிற்றெரிச்சல் மட்டும் வடியவில்லை.

அடுத்த மாதம் கொழுந்தனுக்கு வேறு ஊருக்கு மாற்றல் வந்தது.

கிளம்புகிற அன்று காலையில் வாசலில் வேன் நின்றது. எல்லோரும் சாமான் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். அறையில் சின்னவளின் பெட்டியை மூடிக்கொடுத்த மூத்தவளால் அடக்க முடியவில்லை.

"அங்கே உனக்குத் துணி நனைச்சுப் போட ஆள் இல்ல. இனிமே தலைவலி தானா நின்னுடும், பாரு."

சொன்ன பிறகு அவளுக்கே ஒரு மாதிரி ஆகிவிட்டது.

சின்னவள் கோபப்படவில்லை. கதவை ஒருக்களித்துவிட்டு, கைப்பையிலிருந்து ஒரு சீட்டை எடுத்து நீட்டினாள்.

"வியாழக்கிழமை பதினோரு மணிக்குக்கா. எங்க ஆஸ்பத்திரி நரம்பு டாக்டர். உங்க பேர்ல பதிஞ்சிருக்கேன். ரெண்டு தடவை கூப்பிட்டேன், எனக்கு ஒண்ணுமில்லன்னு மூஞ்சியைத் திருப்பிக்கிட்டீங்க. இந்தத் தடவை கட்டாயம் போங்க. இதுக்கு நல்ல மாத்திரை இருக்குக்கா. இப்படியே தாங்கிட்டு இருக்கணும்னு ஒண்ணுமில்ல."

"எனக்கா?"

"அடுத்தடுத்துக் கொட்டாவி விட்டுட்டு, பின்கழுத்தைத் தேய்ப்பீங்க. அடுத்த அரை மணியில உங்களுக்கு வலி வந்துடும். அதைப் பார்த்துட்டுத்தான் நான் போய்ப் படுத்துக்குவேன்."

"எனக்கு வந்தா நீ எதுக்கும்மா படுக்கணும்?"

வாசலில் வேன்காரர் ஹாரன் அடித்தார். சின்னவள் பெட்டியைத் தூக்கியவள், கீழே வைத்துவிட்டு அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"எனக்கு ஜென்மத்துல தலைவலி வந்ததில்லக்கா. வந்த புதுசுலயே அத்தைகிட்ட சொன்னேன், உங்க வீட்டுக்காரர்கிட்டயும் சொன்னேன், அக்கா நடிக்கல, அவங்களுக்கு நிஜமாவே வலிக்குதுன்னு. ரெண்டு பேரும் சிரிச்சாங்க. அடுத்த தடவை எனக்கு வலிக்குதுன்னு சொன்னேன். அத்தையே ஓடி வந்து விளக்கை அணைச்சாங்க."