பாஸ் போட்ட பெட்டி

பீன்யா தொழிற்பேட்டையில், பச்சிளங்குழந்தைகளை வைக்கும் இன்குபேட்டருக்கான பவர் சப்ளை யூனிட்டுகளைத் தயாரிக்கும் சின்னத் தொழிற்சாலையில், வந்து இறங்கும் பாகங்களைச் சோதிப்பவள் தனக்கோடி. திங்களன்று வந்த பெட்டியில் ஐந்நூறு கெப்பாசிட்டர்கள் இருந்தன. சிலவற்றை அறுத்துப் பார்த்தாள். எல்லாம் போலி; பெரிய கூட்டுக்குள் சின்னதாக வேறொரு மட்டமான கெப்பாசிட்டரை ஒளித்து வைத்திருந்தார்கள். அத்தனையையும் சுத்தியலால் நசுக்கிக் குப்பையில் கொட்டினாள்.

செவ்வாய்க்கிழமை காலையில் அதே பெட்டி அவள் மேசைமேல் இருந்தது. உள்ளே ஐந்நூறும் முழுசாக இருந்தன. மூடியில் ‘பாஸ்’ என்று எழுதி, கீழே அவளுடைய கையெழுத்து. மறுபடி நசுக்கினாள். புதனன்றும் பெட்டி வந்தது. புதனன்றும் நசுக்கினாள்.

வியாழனன்றும் பெட்டி வந்திருந்தது. கன்னடம் கலந்து பேசும் மேனேஜர் மஞ்சுநாத் வந்து நின்றார். “நீயே சைன் போட்டிருக்கியேம்மா. சும்னே எதுக்கு கலாட்டா? லைன் நிக்குது, விட்டுடு.”

“கையெழுத்து என்னுதுதான் சார். நான் போடல. கொழந்த உள்ள இருக்கறப்போ மெஷின் நின்னா?”

“நாளைக்கும் வந்தா?”

“நாளைக்கும் ஒடைப்பேன்.”

அவர் போனதும் சுத்தியலுக்காகக் கையை நீட்டினாள். வலது கை சுத்தியலைத் தாண்டிப் பேனாவை நோக்கிப் போனது. தனக்கோடி அதை ஒரு கணம் பார்த்தாள். பிறகு இடது கையால் சுத்தியலை எடுத்து, முதல் கெப்பாசிட்டரை ஓங்கி அடித்தாள்.