தூரம் போன வேன்

"இந்தப் பழைய வேன், என் மனைவி ஓட்டினா மட்டும் நடுவழியில நின்னுடுதுங்க. அவளுக்கு ஓட்டத் தெரியல" என்று சிரித்தான் அவன்.

மெக்கானிக் ஸ்கேனரைப் பார்த்தார்.

"அவங்க மேல தப்பில்லைங்க. சென்சார் கோளாறு. ரொம்ப தூரம் ஓடி எஞ்சின் சூடானா நின்னுடும். ஆறினா கிளம்பிடும்."

அவள் வேலை பார்க்கும் இடமோ பக்கத்தில்தான். அவன் சிரிப்பு அடங்கியது.

வீட்டுக்கு வந்ததும் கத்தினான். "தினமும் யாரைப் பார்க்கப் போறே?"

"உங்க அம்மாவை. கால் ஒடிஞ்சு தனியாக் கிடக்காங்க. நீங்க கோபப்படுவீங்க, சொல்லாதேன்னு அவங்கதான் சொன்னாங்க."

சண்டை போட்டு அம்மாவை வெளியே அனுப்பியவனுக்கு, முகத்தை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியவில்லை. சாவியை மெல்ல அவளிடம் நீட்டினான்.

"நீயே ஓட்டு. அம்மா இருக்கிற வீட்டுக்கு எனக்கு வழி தெரியாது."